உப்புத் தண்ணீரில் நின்ற நெல்

எங்கள் நெல் சோதனை வயலுக்கு இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள். ஒரு நெற்பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் சேர்த்து, இரண்டு வேறு நாடுகளின் நெல்லை ஒரே செடியாக்கிவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் அவ்வப்போது அங்கே போய் வருவேன். போன முறை போனபோது அவர்களில் ஒருவர், "அங்கிள், நீங்க வேலைக்குச் சேந்தப்ப இந்த ஒட்டு வேலையெல்லாம் கிடையாதுலா. அப்ப என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பொறுக்குனோம்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே போதாமல் இருந்தது. பொறுக்கினோம் என்றால் என்ன, எதைப் பொறுக்கினோம், எதைத் தவறவிட்டோம் என்று சொன்னால்தானே அது பதில்? அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது மலாய் நாட்டில், காம்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். முதல் யுத்தம் முடிந்த கையோடு ரங்கூன் அரிசி வரத்துக் குறைந்துபோயிற்று. தோட்டத்தில் அரிசியை அளந்து அளந்து கொடுத்தார்கள். அளவு வாரத்துக்கு வாரம் சுருங்கிற்று. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். அதையே அவித்தும், காயவைத்து இடித்தும் தின்றோம். என் அப்பா எதற்கும் குறை சொல்லாத மனிதர். அவரே ஒரு நாள் மரங்களைப் பார்த்துக்கொண்டு, "இம்புட்டு மரத்த வளக்குறோம். ஒண்ணையும் திங்க முடியாது. சோத்துக்குக் கப்பலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப்பசேல் என்று இருந்தது. அதற்கு நடுவில் நாங்கள் பசியோடு இருந்தோம்.

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் எனக்கு வழி காட்டினார். பாகான் செராய்க்கு அப்பால் வாய்க்கால் ஓரமாக அரசாங்கம் நெல்லுக்கென்று ஒரு சோதனை வயல் வைத்திருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்றார். ஈப்போ வழியாக ரயிலில் போனேன். வண்டி கிரியான் சமவெளிக்குள் நுழைந்தபோது ஜன்னலில் நெல்வயலைப் பார்த்தேன். அதுவரை வாழ்நாளெல்லாம் சோறு தின்றிருக்கிறேனே தவிர, நெற்செடியைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் பிறந்த எங்களில் பலரும் அப்படித்தான்.

முதல் இரண்டு மூன்று வருஷம் சேறுதான் பள்ளிக்கூடம். நுனி பிளந்த குச்சியால் நாற்றைச் சேற்றில் செருகப் பழகினேன். விரல்களுக்கு நடுவே மறைத்துப் பிடிக்கும் சின்னக் கத்தியால் ஒவ்வொரு கதிராக அறுக்கப் பழகினேன். அட்டை கடித்தால் பதறாமல் இருக்கவும் பழகினேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை என்று ஒன்றை நான் கற்றுக்கொண்டது கந்தையா ஐயாவிடம்.

கந்தையா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி நிலையத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஒல்லியான மனிதர். காலையில் வெள்ளைக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சப்பாத்துகளின் கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். மாலையில் வாய்க்காலில் கால் கழுவி, அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் வீட்டுக்குப் போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு நெல் வரிசை பிடிக்கவில்லை என்றால், அதைக் கழித்துவிடச் சொல்லி "கழியும்" என்பார். பிடித்திருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டார். சற்று நேரம் கூடுதலாக அங்கேயே நிற்பார். அந்தக் கூடுதல் நேரத்துக்காக நாங்கள் மாதக்கணக்கில் உழைத்தோம்.

பொறுக்குவது என்றால் இதுதான். அந்தக் காலத்தில் ஒரு விவசாயியின் வயலில் இருப்பது ஒரே நெல் இல்லை. உயரமானது, குட்டையானது, முந்தி விளைவது, பிந்தி விளைவது எல்லாம் கலந்து நிற்கும். அறுவடைக்கு முன்னால் நாங்கள் கம்பம் கம்பமாக, அதாவது மலாய்க் கிராமம் கிராமமாகப் போய், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, நல்ல கதிராக ஒவ்வொன்றாக எடுத்து வருவோம். ஒரு கதிர், ஒரு காகிதப் பொட்டலம். அதை இன்னொன்றோடு கலக்கவே கூடாது. அடுத்த பருவத்தில் ஒரு கதிரின் மணிகளை ஒரே வரிசையாக நடுவோம். நெல் தன் பூவுக்குள்ளேயே தானாகக் கருவுறும் பயிர். அதனால் ஒரு கதிரின் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே முகமாக வரும். வரிசை வரிசையாக நடந்து பார்த்தால் எது சாய்கிறது, எது பதராகிறது, எது ஒன்றுபோல் விளைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மோசமானதைக் கழித்து, மிஞ்சியதை மறுபடி நட்டு, மறுபடி கழித்து, கடைசியில் விரல் விட்டு எண்ணும்படி சில வரிசைகளே நிற்கும்.

கந்தையா ஐயா நடந்து பார்ப்பதோடு விட மாட்டார். வரிசையின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, கண்ணைக் கதிர் மட்டத்துக்குத் தாழ்த்தி, கடைசிச் செடி வரை பார்ப்பார். "மேலயிருந்து பாத்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும். குந்தும் சவரி, குந்திப் பாரும்" என்பார். என் பெயர் சவரிமுத்து. அவருக்கு மட்டும் நான் சவரி.

அறுத்து, காயவைத்து, நிறுத்த பிறகும் ஒரு சோதனை இருந்தது. ஒவ்வொரு வரிசையின் அரிசியையும் தனித்தனியாகச் சமைக்கச் சொல்வார். எங்களையும், பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வார். "சனம் சாப்பிடாது எண்டால் அது எவ்வளவு விளைஞ்சும் பிரயோசனம் இல்லை" என்பார். என்னோடு வேலை செய்த முனியாண்டி அண்ணனுக்கு அது பெரிய திருநாள். "தோட்டத்துல ஒரு கிண்ணி சோத்துக்கு அலஞ்சோம். இங்க ஒம்போது கிண்ணியத் தின்னுட்டு எது நல்லதுன்னு சொல்லணுமாம்லா" என்பார்.

அப்படிப் பொறுக்கி எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய நெல் பதினேழாம் எண். அதற்குப் பெயர் வைக்கவில்லை, வரிசை எண்தான். தண்டு சாயாது. கதிர்கள் எல்லாம் ஒரே நாளில் தலை குனியும். மணி நிறைவாக இருக்கும். சில பருவங்கள் நிலையத்திலும் வெளியே இரண்டு மூன்று இடங்களிலும் நட்டுப் பார்த்தோம். எங்கே நட்டாலும் பக்கத்து நெல்லை மிஞ்சிற்று. துரையே வரப்பில் நின்று தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு விவசாயிகளுக்கு விதை கொடுக்கத் தொடங்கினோம்.

விதையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. வாய்க்காலின் கடைசியில், குராவ் ஆறு கடலில் சேரும் பக்கத்தில் ஒரு கம்பம் இருந்தது. அங்கே மாக் தே என்று ஒரு மலாய்க்கார அம்மாள்; மாக் என்றால் அம்மா. கணவர் இறந்த பிறகு இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு தானே வயலைப் பார்த்தவர். நெடிய உருவம். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. விதை மூட்டைக்குள் கையைவிட்டு அளைந்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா எங்க மண்ணுக்கு இது புதுசு" என்றார்.

"எல்லா மண்ணுலயும் வந்திருக்கு மாக்" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

அந்த வருஷம் மழை சரியாக இல்லை. வாய்க்கால் தண்ணீர் கடைமடை வரை எட்டவில்லை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில், பெரிய அலை ஏறிய ஒரு நாள், கடலோரத்து மண்கரை உடைந்து உப்புத் தண்ணீர் வயல்களுக்குள் புகுந்தது. நாங்கள் செய்தி கேள்விப்படுவதற்கு முன்னாலேயே மாக் தே படகில் நிலையத்துக்கு வந்துவிட்டார். ஒரு கட்டு நாற்றைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்து வராந்தாவில் ஏறி, கந்தையா ஐயாவின் மேசைக்கு முன்னால் போட்டார். இலைகள் நுனியிலிருந்து வெள்ளையாகச் சுருண்டு, வைக்கோலாகியிருந்தன.

"இது உங்க நெல்லு துவான். உங்ககிட்டயே கொண்டாந்துட்டேன்" என்றார். மலாயில்தான் சொன்னார்; துவான் என்றால் ஐயா. நான் வராந்தாப் படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கந்தையா ஐயா எழுந்து நின்றார். கடல் புகுந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாளைக்கு நான் அங்க வாறன் அம்மா" என்று மலாயில் சொல்லிவிட்டு, அந்தக் கட்டை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் அவரும் நானும் முனியாண்டி அண்ணனும் படகில் போனோம். கம்பத்து ஆட்கள் கரையில் நின்று பார்த்தார்கள். வயலில் ஒரு உயிர் இல்லை. சாய்ந்து கிடந்த வெள்ளைத் தாள்களுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் நின்றது. ஐயா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு கரித்தது.

பிறகு அவர் பார்வை வயலின் ஒரு மூலைக்குப் போயிற்று. அங்கே கொஞ்சம் பச்சை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தோம். அங்கேயும் பாதிச் செடி செத்திருந்தது. பாதி, வாடியிருந்தாலும், நின்றது.

"அது என்ன நெல்லு?" என்று மாக் தேயிடம் கேட்டார்.

"பேரெல்லாம் இல்ல. எங்கம்மா காலத்து வெத. நீங்க குடுத்தது மூலைக்குப் பத்தல. அதனால பழசப் போட்டேன்."

ஐயா அந்தத் தண்ணீரிலேயே குந்திவிட்டார். கால்சட்டை இடுப்பு வரை நனைந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சவரி, இது ஒரு நெல் இல்லை. கனக்க நெல் கலந்து நிக்குது. அதால எல்லாம் சாகேல்லை. எங்கட பதினேழு எல்லாம் ஒண்டு. நிண்டாலும் ஒண்டா நிக்கும், விழுந்தாலும் ஒண்டா விழும்." வாடி நின்ற ஒரு தாளைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "கடலிலை பிழை இல்லை. கடல் எப்பவும் இஞ்சதான் இருந்தது. நாங்கள்தான் அதைப் பாக்காமல் நெல்லைத் தெரிவு செய்திட்டம்."

நான் வேலைக்குச் சேர்ந்து அதுவரை கற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் நெல்லைப் பொறுக்குவதுதான். அது சரியான வேலைதான். ஆனால் எந்த மண்ணில் வைத்துப் பொறுக்குகிறோம் என்பதும் அந்த வேலையில் பாதி என்று அன்றுதான் புரிந்தது. நல்ல தண்ணீரில் பொறுக்கிய நெல் நல்ல தண்ணீரைத்தான் அறியும்.

அந்த மூலையில் நிற்கும் செடிகள் விளைந்ததும் கதிரை எங்களுக்குத் தர முடியுமா என்று ஐயா கேட்டார். மாக் தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வயலு போயிருச்சு. மிச்சம் இருக்கிறது இந்த மூலைதான். இதுவும் உங்களுக்கு வேணுமா? அடுத்த வருஷம் நான் எதைப் போடுறது? இந்த வருஷம் எம்புள்ளைங்க எதத் திங்கிறது?"

நாங்கள் படகில் ஏறித் திரும்பினோம்.

அன்று மாலையே அவர் துரையின் அறைக்குப் போனார். நானும் செத்த நாற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் விஷயம் விளங்கிற்று. துரை கெட்டவர் இல்லை. பதினேழு நல்ல நெல், பெரும்பாலான வயல்களுக்கு அது போதும், கடலோரம் சின்னப் பகுதிதானே, அதை விட்டுவிடலாம் என்பது அவர் நினைப்பு. ஐயா வழக்கம்போல் குரலை உயர்த்தாமல், கடைமடையில் இருப்பவர்களும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள் என்றார். உலகத்தில் கடலோரத்தில் நெல் விளைவிக்கும் சனம் கொஞ்சம் இல்லை, எங்கேயும் யாரும் அவர்களுக்கென்று விதை பொறுக்கவில்லை என்றார். துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செய்து பாருங்கள்" என்றார். நிலையத்துக் களஞ்சியத்தில் சோதனை முடிந்து மீந்திருந்த நெல்லை மாக் தே குடும்பத்துக்கும், பயிர் இழந்த மற்ற வீடுகளுக்கும் கொடுக்க அனுமதி கேட்டார் ஐயா. அதற்கும் துரை தலையசைத்தார்.

நெல்லைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனது நானும் முனியாண்டி அண்ணனும். மாக் தே மூட்டைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இதுக்குப் பதிலா அந்தக் கதிரக் கேப்பீங்க."

"கேக்க மாட்டோம் மாக். ஐயா அப்படிச் சொல்லித்தான் அனுப்பினாரு. இது சும்மா குடுக்கிறது" என்றேன்.

அவர் உள்ளே போனார். நாங்கள் படகை அவிழ்க்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "முத்து, உங்க துவான்கிட்டச் சொல்லு. கதிரத் தாரேன். ஆனா உங்க எடத்துக்குத் தூக்கிட்டுப் போகக்கூடாது. இங்கயே, என் வயல்லயே, என் கண்ணு முன்னாடி நடணும். செத்தா நானும் பாப்பேன், பொழச்சா நானும் பாப்பேன்."

இதைக் கேட்டதும் கந்தையா ஐயா சிரித்ததை நான் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "நான் கேக்க நினைச்சதை அந்த அம்மா சொல்லிப்போட்டா" என்றார்.

அடுத்த பருவம் முதல் நான் அந்தக் கம்பத்தில்தான் இருந்தேன். மூலையில் பிழைத்த செடிகளின் கதிர்கள், கரையோரத்தில் மற்றவர்கள் வயலில் தப்பியிருந்த கதிர்கள், எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாக எடுத்து, மாக் தேயின் கடலோரத்து வயலில் வரிசை வரிசையாக நட்டோம். வயலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே பலகை மதகு ஒன்று வைத்தோம். நாற்று வேர் பிடித்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து உப்புத் தண்ணீரை நாங்களே உள்ளே விட்டோம். கூடிப்போனால் எல்லாம் செத்துவிடும். குறைந்துபோனால் எது தாங்கும் என்று தெரியாது. அளப்பதற்கு நாக்கைத் தவிர வேறு கருவி எங்களிடம் இல்லை. மாக் தே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, "போதும்" என்று இருவரும் சொன்ன பிறகுதான் மதகை மூடுவோம். முனியாண்டி அண்ணன், "தோட்டத்துல பால அளந்தோம். இங்க வந்து கடல அளக்குறோம்லா தம்பி" என்று சொல்லிக்கொண்டே பலகையை இறக்குவார்.

கம்பத்து ஆட்களுக்கு எங்களைப் பார்த்தால் பைத்தியமாகத் தெரிந்திருக்கும். கடல் தண்ணீர் வராமல் இருக்க அவர்கள் கரை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மதகு வைத்து அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் மாக் தேயிடம் நேராகவே, "அரசாங்கத்துக்காரங்க ஒரு தடவ ஒன்ன அழிச்சது பத்தாதா?" என்று கேட்டார். "இந்தத் தடவ நான்தான் சொல்லிச் செய்யிறாங்க" என்றார் மாக் தே. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதல் பருவத்தில் முக்கால்வாசி வரிசைகள் வெளுத்துப்போயின. ஐயா படகில் வந்து, குந்தி உட்கார்ந்து, "கழியும், கழியும்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் மாக் தேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் அந்தந்த வரிசையின் அடையாளக் குச்சியைப் பிடுங்கினேன். அவர் அம்மாவின் நெல் அல்லவா? ஆனால் அவரே ஒரு கட்டத்தில் எங்களுக்கு முன்னால் போய் ஒரு வரிசையின் குச்சியைப் பிடுங்கி எறிந்தார். "இது ஏமாத்துது. எல பச்சையா இருக்கு, உள்ள பால் பிடிக்கல." ஐயா ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார். வெறும் பதர். "ஓம்" என்றார்.

இப்படி வருஷத்துக்கு ஒரு பயிர் என்று சில வருஷங்கள் போயின. கடைசியில் இரண்டு வரிசைகள் மிஞ்சின. ஒன்று எத்தனை உப்பையும் தாங்கிற்று. ஆனால் அதன் அரிசி சிவப்பு. இன்னொன்று உப்பைத் தாங்குவதில் அதைவிடக் கொஞ்சம் இளைத்தது; அரிசி வெள்ளை. கந்தையா ஐயாவுக்குச் சிவப்பின் மேல்தான் மனம். அதன் முன்னால்தான் கூடுதல் நேரம் நின்றார்.

வழக்கம்போல் இரண்டையும் சமைத்துக் கம்பத்தில் எல்லோருக்கும் பரிமாறினோம். சிவப்பு அரிசிச் சோறு விறைத்து நின்றது. பெண்கள் ஒரு வாய் எடுத்துவிட்டு இலையை ஒதுக்கினார்கள்.

"துவான், செவப்பு பலசாலிதான்" என்றார் மாக் தே. "ஆனா ஆலைக்காரன் எடுக்க மாட்டான். எம்புள்ளைங்களும் திங்க மாட்டாளுங்க. பொழச்சு நின்னா மட்டும் போதுமா? வயித்துக்குள்ள போகணும்ல?"

ஐயா தம் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "வெள்ளையை எடுப்பம்" என்றார். சிவப்பையும் தூக்கி எறியவில்லை; நிலையத்தில் ஒரு ஓரத்தில் ஒவ்வொரு வருஷமும் நட்டு வைத்திருந்தோம். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "இண்டைக்கு வேண்டாத குணம் நாளைக்கு ஒருத்தருக்கு வேணும்" என்றார். பத்து வரிசை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிவப்பு நெல்லை நான் கடைசி வரை பார்த்துக்கொண்டேன். கைவிடத் தோன்றவே இல்லை.

வெள்ளை நெல்லை மாக் தே தம் வயல் முழுக்கப் போட்ட வருஷத்தில் கடல் மறுபடியும் வந்தது. இந்த முறை கரை மூன்று இடத்தில் உடைந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கரையோரம் முழுவதும் உப்புத் தண்ணீர் ஏறி நின்றது. எங்கள் மதகில் விட்டது நாங்கள் அளந்த உப்பு. இது அளக்காத உப்பு.

சில நாளில் பக்கத்து வயல்கள் நுனி வெளுக்கத் தொடங்கின. மாக் தேயின் வயலும் வெளுத்தது. அவர் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மழை பெய்தது. தண்ணீர் வடிந்தது. பக்கத்து வயல்கள் சாய்ந்து மண்ணாயின. எங்கள் வயலில் வெளுத்த இலைகளுக்கு நடுவிலிருந்து புது இலை ஒன்று, பக்கத்தில் இன்னொன்று என்று எட்டிப் பார்த்தது. மாக் தே இறங்கிப் போய் ஒரு புது இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஐயாவுக்குச் செய்தி சொல்லப் படகை அவிழ்த்தேன். அந்த வரிசையை நட்டது என் கை. அதற்கு உப்பைக் கொடுத்துப் பார்த்ததும் என் கைதான்.

விளைச்சல் நல்ல நிலத்தில் பதினேழு கொடுப்பதில் பாதிதான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் கரையோரத்தில் அறுவடை என்று நடந்தது பெரும்பாலும் அந்த வயலில் மட்டும்தான். கம்பத்து வீடுகளிலிருந்து பெண்கள் அவரவர் கத்தியைக் கொண்டுவந்து கதிர் அறுக்க உதவினார்கள். எல்லோரும் விதை கேட்டார்கள். முன்பு அரசாங்கத்துக்காரர்களைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவரும் கேட்டார். மாக் தே எல்லோருக்கும் ஒரு கட்டுக் கதிர் கொடுத்தார். கொடுக்கும்போது சொல்லித்தான் கொடுத்தார்: "கடல் பக்கத்து வயலுக்கு இது. மேட்டு வயலுக்கு உங்க பழசையே போடுங்க. ஒண்ணையே நம்பாதீங்க." கந்தையா ஐயா என் தோளைத் தொட்டு, "கேட்டீரோ? அதை நாங்கள் எங்கட ஆக்களுக்குப் படிப்பிக்க வேணும்" என்றார்.

அதன் பிறகு கரையோரத்தில் அந்த நெல் பரவிற்று. எங்கள் குறிப்பில் அதற்கு ஒரு எண் இருந்தது. அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை. கம்பத்திலும், பாகான் செராய்ச் சந்தையிலும், ஆலையிலும் அதன் பெயர் மாக் தே நெல்தான்.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் வெளிநாடுகளிலிருந்து எங்களுக்கு விதைப் பொட்டலங்கள் வரும். ஜாவாவிலிருந்து, சயாமிலிருந்து, பர்மாவிலிருந்து, சிலோனிலிருந்து. நாங்களும் அனுப்புவோம். ஒரு நாட்டு வயலில் பொறுக்கியது இன்னொரு நாட்டின் பசியை ஆற்றலாம் என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதில் சண்டை கிடையாது, கேட்டால் கொடுப்பார்கள். அப்படித்தான் ஒரு முறை, பெரிய ஆறு கடலில் சேரும் ஒரு தூரதேசத்துக் கழிமுகத்திலிருந்து, உப்புத் தண்ணீர் தாங்கும் நெல் உங்களிடம் இருக்கிறதாமே என்று கேட்டிருந்தார்கள்.

துரை, நெல்லின் எண்ணை மட்டும் விதை போகும் தகரடப்பாவில் எழுதி அனுப்பச் சொன்னார். கந்தையா ஐயா எண்ணுக்குப் பக்கத்தில் மாக் தே என்ற பெயரையும் எழுதச் சொன்னார். துரை ஏன் என்று கேட்டதற்கு, "அங்க இருக்கிற விவசாயிகளும் எண்ணிலை கதைக்க மாட்டினம்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் இங்கிலீஷில் வேறு ஏதோ மரியாதையாகச் சொன்னார்.

விதைக்கான நெல்லை மாக் தேயின் வயலிலிருந்தே எடுப்பது என்று முடிவாயிற்று. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். பெயர் டப்பாவில் போகிறது, கப்பலில் போகிறது என்றேன். அவர் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கயும் கடலு வயலுக்குள்ள வருதா?"

"வருதாம் மாக்."

"அங்கயும் பொம்பளைங்கதான் நடுறாங்களா?"

"தெரியல. அப்படித்தான் இருக்கும்."

அவர் ஒரு பிடி நெல்லை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு மணியைக் கடித்தார். முகம் சுருங்கிற்று.

"இன்னும் காயல முத்து. இன்னொரு வெயிலு காட்டு. ஈரமாப் போயி அங்க மொளைக்காமப் போச்சுன்னா கெட்டுப்போறது என் பேரு."

பாயை இழுத்து வெயிலில் விரித்தேன். அவர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலுமாக அந்த நெல்லைப் பரப்பினோம்.